எஃகுக்கு இரண்டு சூடு

மேசை கிரைண்டரில் மர உளியைத் தீட்டும்போது முனையில் சட்டென்று ஒரு நீலம் ஓடும். எமரி தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்தால் நீலம் போய்விடும். உளியும் பழையபடி பளபளக்கும். ஆனால் மரத்தில் வைத்துத் தட்டிப் பார்த்தால் கொஞ்ச நேரத்திலேயே கூர் மடங்கிவிடும். நிறத்தைத்தான் தேய்த்து எடுத்தாயிற்றே, அப்புறம் என்ன கோளாறு என்று பட்டறை வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள்.

முனை ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிவிட்டது என்பதற்கு அந்த நீலம் ஓர் அடையாளம், அவ்வளவுதான். அந்தச் சூடு எஃகின் உள்ளே செய்துவிட்ட வேலையை எமரி தாள் தொட முடியாது. இதே நீலம் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) என்று முத்திரை குத்திய டிரில் பிட்டில் வந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த வகை எஃகு 500 டிகிரி வரை போனாலும் தன் கடினத்தை விட்டுக்கொடுக்காது. மர உளி பெரும்பாலும் சாதாரணக் கார்பன் எஃகு. 200 டிகிரியைத் தாண்டிவிட்டால் அதற்கு ஒவ்வொரு பத்து டிகிரியும் கணக்குத்தான்.

நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்பார்கள். எஃகுக்கு இரண்டு வேண்டும். முதல் சூடு அதைக் கடினமாக்கும். இரண்டாவது சூடு அந்தக் கடினத்தில் கொஞ்சத்தைக் குறைத்து, அடி தாங்கும்படி ஆக்கும். வீட்டுப் பட்டறைக்காரர்கள் பலர் முதல் சூட்டிலேயே மயங்கிவிடுகிறார்கள். இரும்பு சிவப்பதும், எண்ணெயில் விட்டதும் ‘சொர்’ரென்று புகை கிளம்புவதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கருவி உருப்படுகிறதா இல்லையா என்பது இரண்டாவது சூட்டில்தான் முடிவாகிறது. அதில் தீயும் பெரிதில்லை, சத்தமும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அதை அவசரமாக முடித்துவிடுகிறோம்.

கடினம் வேறு, உறுதி வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். அரம் கடினமானது, சிமெண்டுத் தரையில் தவறி விழுந்தால் இரண்டாக உடைந்தாலும் உடையும். ஆணி மெத்தென்றது, சுத்தியலால் வளைத்தாலும் உடையாது, ஆனால் எதையும் கீறவும் அதனால் ஆகாது. துளை போட வேண்டிய இடத்தைச் சுத்தியலால் அடித்துக் குறிக்கிற கூரான கம்பியான சென்டர் பஞ்சுக்கு இரண்டு குணமும் வேண்டும். இரும்புத் தகட்டில் குழி பறிக்கிற அளவு கடினமும், சுத்தியல் அடியில் தெறிக்காத அளவு உறுதியும் இருக்க வேண்டும்.

இரும்புக்குள் என்ன நடக்கிறது

எல்லாவற்றுக்கும் மூலம் இரும்பில் கலந்திருக்கும் கார்பன். வீட்டு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் போடுகிற மைல்டு ஸ்டீலில் அது 0.25 சதவீதத்துக்குள் இருக்கும். லோரி, மோட்டார் ஸ்பிரிங்குகளில் 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நல்ல அரத்தில் 1 சதவீதத்துக்கும் மேல். நூற்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும் இந்தச் சரக்குதான் ஜன்னல் கம்பியையும் அரத்தையும் இவ்வளவு தூரம் பிரித்து வைக்கிறது.

சாதாரண நிலையில் இரும்பின் அணுக்கள், ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளில் எட்டும் நடுவில் ஒன்றுமாக அடுக்கப்பட்டிருக்கும். இந்த அடுக்கில் கார்பன் அணு நுழைய இடம் கிட்டத்தட்ட இல்லை. அதனால் கார்பன் இரும்போடு சேர்ந்து கார்பைடாக, மெல்லிய தகடு தகடாகத் தனியே ஒதுங்கிக் கிடக்கும். எஃகை 727 டிகிரிக்கு மேல் காய்ச்சும்போது இரும்பு தன் அடுக்கையே மாற்றத் தொடங்குகிறது. நடுவில் நின்ற அணு போய், கனசதுரத்தின் ஆறு முகங்களின் மையத்திலும் அணுக்கள் நிற்கும் அமைப்பு வருகிறது. இதில் அணுக்கள் முன்பைவிட நெருக்கமாகத்தான் நிற்கின்றன. ஆனாலும் இடையிடையே இருக்கும் குழிகள் பெரியவை. ஒதுங்கிக் கிடந்த கார்பன் அந்தக் குழிகளுக்குள் போய்க் கரைந்துவிடுகிறது. இத்தனையும் இரும்பு உருகாமல், திடமாக இருக்கும்போதே நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி எல்லாம் ஆறுகிற வேகத்தைப் பொறுத்தது. மெதுவாக ஆறவிட்டால் இரும்பு பழைய அடுக்குக்குத் திரும்பும். கார்பன் நிதானமாக வெளியேறி, மறுபடி கார்பைடாக ஒதுங்கும். எஃகும் மெத்தென்று ஆகிவிடும். சட்டென்று குளிரவைத்தால் கார்பனுக்கு வெளியேற நேரம் கிடைக்காது. மாலை ஆறு மணிக்குக் கோலாலம்பூர் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் எல்.ஆர்.டி. ரயிலின் கதவு மூடியதும் உள்ளே மாட்டிக்கொண்டவர்களின் நிலைமைதான் அதற்கு: தானும் நகர முடியாது, பக்கத்தில் இருப்பவர்களையும் நகர விடாது. இரும்பு பழைய அடுக்குக்குத் திரும்பப் பார்க்கும். சிக்கிய கார்பன் விடாது. கடைசியில் கனசதுரம் ஒரு பக்கமாக இழுபட்டு, விறைத்த ஓர் அமைப்பு உருவாகிறது. அதன் பெயர் மார்ட்டென்சைட். எஃகை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவரான அடோல்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானியரின் நினைவாக வைத்த பெயர்.

அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்க முடியாததால் எஃகு கடினமாகிறது. அதே காரணத்தால் அடி விழுந்தால் வளைந்து கொடுக்கவும் வழியில்லை, நேராக உடைகிறது. இங்கேதான் இரண்டாவது சூடு வருகிறது. 200 முதல் 300 டிகிரி வரையிலான சூட்டில், சிக்கிய கார்பனில் ஒரு பகுதி மட்டும் கொஞ்சம் நகர்ந்து, மிக நுண்ணிய கார்பைடு துகள்களாக வெளிவரும். உள்ளே இருந்த விறைப்பும் தளரும். சூடு ஏற ஏற இன்னும் கொஞ்சம் கார்பன் விடுபடும், கடினம் குறையும், உறுதி கூடும். எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதுதான் கைவேலை. கிரைண்டரில் நீலமான உளி, யாரும் கேட்காமலே இந்த இரண்டாவது சூட்டை அளவுக்கு மீறி வாங்கிக்கொண்ட உளி.

ஜன்னல் கம்பியை எவ்வளவு சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் அது உளி ஆகாது. அதற்குள் சிக்கவைக்கப் போதிய கார்பன் இல்லை. சாப்பாட்டு ஸ்பூன்களும் அப்படித்தான். பெரும்பாலும் கடினமாக்கவே முடியாத வகைத் துருப்பிடிக்காத எஃகு. எச்.எஸ்.எஸ். கடினமாகும்தான், ஆனால் அதற்கு 1,200 டிகிரி அளவில் உலை வேண்டும். அது வீட்டு வேலை இல்லை.

எந்தத் துண்டை எடுப்பது

முதல் வேலைக்கு நான் சொல்வது, கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளின் பின்பக்க அப்சர்பர் ஸ்பிரிங். எந்தத் தாமானில் இருந்தாலும் பக்கத்தில் ஒரு மோட்டார் பட்டறை இருக்கும். அங்கே கழித்துப் போட்ட அப்சர்பர் குவியலும் இருக்கும். ஒரு ஸ்பிரிங்கைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். ஆனால் அப்சர்பரோடு வாங்கி வந்து நீங்களே கழற்றாதீர்கள். அமுங்கிய நிலையில் இருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் முகத்தில்தான் வந்து அடிக்கும். பட்டறைக்காரரிடமே கழற்றித் தரச் சொல்லுங்கள். பளபளவென்று குரோம் முலாம் பூசியதைத் தவிருங்கள். பெயிண்ட் அடித்தது என்றால் காய்ச்சுவதற்கு முன் சுரண்டிவிடலாம். துத்தநாகம் பூசிய எதையும் நெருப்பில் வைக்கவே கூடாது. அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் கண்டுவிடும்.

பழைய அரமும் நல்ல சரக்கு. பினாங்குக்குப் போனால் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தேய்ந்த பழைய அரங்கள் கிடைத்தால் புதிதாக வரும் மலிவுச் சரக்கைவிட அவையே மேல். மலிவு அரங்களில் சில, உள்ளே மைல்டு ஸ்டீலும் மேல்தோல் மட்டும் கடினமும் ஆனவை. அவற்றில் உளி செய்தால் இரண்டு தீட்டலில் தோல் போய்விடும்.

வாங்கிய துண்டு எந்த வகை என்று தெரியாவிட்டால் கிரைண்டரில் மெல்லத் தொட்டுப் பொறியைப் பாருங்கள். மைல்டு ஸ்டீலின் பொறி நீளமாக, நேராக, மஞ்சள் கோடாகப் போகும். நுனியில் எப்போதாவது ஒன்று பிரியும். கார்பன் கூடக் கூடக் கோடு குட்டையாகி, கல்லுக்குப் பக்கத்திலேயே நட்சத்திரம் நட்சத்திரமாக வெடிக்கும். பக்கத்தில் ஓர் ஆணியும் ஒரு நல்ல அரமும் வைத்துக்கொண்டு மூன்றையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தால் வேறுபாடு உடனே பிடிபடும்.

காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கும் எஃகு வியாபாரிகளிடம் ஓ1 வகைக் கம்பி கேளுங்கள். ஜப்பானியத் தரத்தில் எஸ்.கே.எஸ்.3 என்றாலும் ஏறக்குறைய அதுதான். இதில் கார்பன் எவ்வளவு, எந்தச் சூட்டில் எதில் தோய்க்க வேண்டும் என்று எல்லாமே அட்டவணையில் இருக்கும். பழைய இரும்பில் எல்லாம் ஊகம்தான். சென்டர் பஞ்சுக்கு ஊகம் போதும். நாள் கணக்கில் உட்கார்ந்து செதுக்கப்போகிற கத்திக்கு அது போதாது.

ஸ்பிரிங் துண்டு பஞ்ச் ஆகிறது

இடம் முக்கியம். அடுக்குமாடி பால்கனியில் இது வேண்டாம். தரை வீட்டின் கார் போர்ச் போதும். காரையும் சமையல் காஸ் தோம்பையும் தள்ளி வைத்துவிட வேண்டும். சூடான இரும்பு சிமெண்டுத் தரையில் விழுந்தால் தரை பொரிந்து தெறிக்கும், கீழே ஒரு தகடு போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்கள் திட்டுவதும் மிச்சம். கண்ணாடி, மூடிய காலணி, பருத்தித் துணி. கண்டிப்பாக நைலான் ஜெர்சியோடு நிற்காதீர்கள்.

தீக்கு, ஸ்டீம்போட் அடுப்பில் மாட்டுகிற பியூட்டேன் குப்பியின் தலையில் திருகும் டார்ச் போதும். ஏழு, எட்டு மி.மீ. கம்பியின் நுனியைச் சிவக்கவைக்க அதற்குத் தெம்பு உண்டு. ஆனால் வெட்டவெளியில் பிடித்தால் சூடு ஓடிவிடும். இரண்டு மூன்று தீச்செங்கற்களை வளைத்து நிறுத்தி நடுவில் வைத்தால் சூடு தங்கும். சாதாரணச் சிவப்புச் செங்கல் ஈரம் குடித்திருந்தால் வெடிக்கக்கூடும்.

ஸ்பிரிங் ஏற்கெனவே பதமாக்கப்பட்ட எஃகு. ரம்பம் இறங்காது. ஒரு சுற்றை ஆங்கிள் கிரைண்டரில் மெல்லிய தட்டு போட்டு வெட்டி எடுத்து, சிவக்கக் காய்ச்சி, இடுக்கியால் இழுத்தும் சுத்தியலால் தட்டியும் நேராக்குங்கள். பிறகு இன்னொரு முறை சிவக்கவைத்து, காய்ந்த விறகுச் சாம்பலுக்குள் புதைத்து, ஆறும்வரை விட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் சாம்பல் எப்போதும் கொஞ்சம் நமத்துத்தான் இருக்கும், முன்கூட்டியே வாணலியில் போட்டு வறுத்துக்கொள்வது நல்லது. சின்னக் கம்பி சாம்பலுக்குள்ளும் சீக்கிரம் ஆறிவிடும். கூடவே ஒரு பெரிய இரும்புத் துண்டையும் காய்ச்சிப் பக்கத்தில் புதைத்தால் சூடு நின்று இறங்கும். காலையில் எடுத்துப் பார்த்தால் அரம் வெண்ணெயில் போகாவிட்டாலும் ஒழுங்காக இறங்கும்.

நூறு மி.மீ. நீளம் போதும். கம்பியை டிரில் மெஷினின் வாயில் மாட்டிச் சுழலவிட்டு, கைப்பிடி போட்ட அரத்தை நுனியில் சாய்த்துப் பிடித்தால் கூம்பு தானாக அமையும். லேத் இல்லாதவர்களின் லேத் இதுதான். சென்டர் பஞ்சுக்கு 90 டிகிரிக் கோணம், கோடு போட்ட இடத்தை மெல்லக் குறிக்கிற பிரிக் பஞ்சுக்கு 60. அரம் விட்ட வளையக் கீறல்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். தோய்க்கும்போது விரிசல் அந்தக் குறுக்குக் கீறலில்தான் தொடங்கும். எமரி தாளை நீளவாக்கில் இழுத்து அவற்றை அழித்துவிட வேண்டும்.

முதல் சூடு

பகல் வெளிச்சத்தில் இதைச் செய்யவே கூடாது என்பது என் கட்சி. வெயிலில் நன்றாகச் சிவந்த இரும்பும் மங்கலாகத்தான் தெரியும்; இன்னும் காயவில்லை என்று நினைத்துக் காய்ச்சிக்கொண்டே போவோம். கோலாலம்பூரில் மாலை 7:30க்கு மேல் இருட்டிவிடும். போர்ச் விளக்கை அணைத்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

முனையைச் சுற்றி 25 மி.மீ. அளவுக்கு மட்டும் காய்ச்சுங்கள். கூரான முனையில் தீயை நேராகக் காட்டாமல், சற்றுப் பின்னால் காட்டிச் சூட்டை முன்னுக்கு ஓடவிடுங்கள். முதலில் இருட்டிலேயே தெரிகிற கருஞ்சிவப்பு. அப்புறம் தெளிவான சிவப்பு. அந்த இடத்தில் கண்ணை எடுக்காதீர்கள். தீ அதே தீதான், ஆனால் சிவப்பு ஏறாமல் நின்றதுபோல் ஆகும். சிவப்புக்கு நடுவே ஒரு மங்கலான நிழல் மிதக்கும். கம்பியின் மேல்பரப்பில் யாரோ ஊதிய புகை போலத் தெரியாது, உள்ளிருந்து தெரியும். மெல்ல அது சுருங்கி, தடித்த பக்கமாக நகர்ந்து, மறைந்துவிடும். மறைந்ததும் நிறம் மறுபடி குப்பென்று ஏறும். அணுக்கள் அடுக்கை மாற்றிக்கொள்ள வாங்கிய சூடுதான் அந்த நிழல். மேலே சொன்ன மாற்றம் முழுவதும் உங்கள் கண்முன்னால் நடந்து முடிந்துவிட்டது.

நிழல் பிடிபடாதவர்களுக்குக் காந்தம் இருக்கிறது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, காய்ச்சிய முனையை நொடி நேரம் அதன் அருகே கொண்டுபோனால் ஒட்டக்கூடாது. இரும்பு 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். புதிய அடுக்குக்கு மாறிவிட்ட எஃகையும் காந்தம் இழுக்காது. அரத்து எஃகுக்கு அதற்கு மேல் ஒரு பொட்டுச் சூடு போதும். ஸ்பிரிங் எஃகுக்கு 830, 850 டிகிரி வேண்டும், அதாவது காந்தம் விட்ட பிறகும் கண்ணுக்குத் தெரிகிற அளவு இன்னும் ஒரு படி வெளிச்சமான சிவப்பு.

ஆரஞ்சுக்குப் போய்விட்டால்? அந்தச் சூட்டோடு எண்ணெயில் விடாதீர்கள். சூடு அதிகமானால் எஃகின் உள்மணிகள், அதாவது உள்ளே இருக்கும் நுண்படிகங்கள், ஒன்றை ஒன்று விழுங்கிப் பெரிதாகும். பெரிய மணி என்றால் உடையும் எஃகு. வெளியே எடுத்து, காற்றில் கறுக்கும்வரை ஆறவிட்டு, முதலிலிருந்து சரியான சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். மணி மறுபடி சிறிதாகிவிடும். இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் மிச்சம் இருக்கும் ஸ்பிரிங்கிலிருந்து இரண்டு சிறு துண்டுகளை எடுத்து, ஒன்றைச் சரியான சூட்டிலும் மற்றதை மஞ்சளாகக் காய்ச்சியும் எண்ணெயில் விட்டு, இரண்டையும் துணியில் சுற்றி வைஸில் வைத்து உடைத்துப் பாருங்கள். சரியான துண்டின் முறிவு மங்கிய சாம்பல் நிறத்தில், மணியே தெரியாமல் நைஸாக இருக்கும். மற்றது வெளிச்சத்தில் திருப்பத் திருப்ப மினுங்கும். பத்துப் பக்கம் படிப்பதைவிட இந்த இரண்டு துண்டுகள் அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

எண்ணெய்க்கு மலேசியாவில் என்ன பஞ்சம்? கடையில் கிலோ பாக்கெட்டில் விற்கிற சமையல் எண்ணெயே போதும், பாமாயில்தான் அது. பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றாதீர்கள், அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. உயரமான மைலோ டின்னில் எண்ணெயை ஊற்றி, டின் கவிழாமல் இருக்க மணல் வாளியில் பாதி புதைத்து வையுங்கள். டின்னோடு வந்த பிளாஸ்டிக் மூடி உதவாது. எண்ணெய் தீப்பிடித்தால் மேலே போட்டு மூட ஓர் இரும்புத் தட்டு கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தீ கூரைக்கு ஏறும், இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். எண்ணெய் கொஞ்சம் வெதுவெதுப்பாக, 50 அல்லது 60 டிகிரியில் இருந்தால் இளகி, சூட்டை வேகமாக வாங்கும். ஓர் இரும்புத் துண்டைக் காய்ச்சி உள்ளே போட்டு எடுத்தாலே அந்தச் சூடு வந்துவிடும்.

தீயிலிருந்து எடுத்த கம்பி ஒரு நொடியில் எண்ணெய்க்குள் இருக்க வேண்டும். நேர் செங்குத்தாக இறக்கி, மேலும் கீழுமாக அசையுங்கள். பக்கவாட்டில் கலக்கினால் ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து கம்பி வளைந்துவிடும். தண்ணீரில் விட்டால் இன்னும் கடினமாகுமே என்று தோன்றலாம். ஆகும், ஆனால் ஸ்பிரிங் எஃகு அந்த வேகத்தைத் தாங்காது. தண்ணீருக்குள்ளிருந்து ‘டிங்’ என்று சன்னமாக ஒரு சத்தம் கேட்டால் விரிசல் விட்டுவிட்டது என்று அர்த்தம். கனமான அரத்துத் துண்டு போன்ற வெறும் கார்பன் எஃகுக்குத் தண்ணீர்தான் சரி. அதில் உப்புப் போட்டால் இன்னும் நல்லது. சூடான இரும்பைச் சுற்றி எழும் நீராவிப் போர்வை சூடு இறங்குவதைத் தடுக்கும், உப்பு அந்தப் போர்வையைக் கிழித்துவிடும்.

ஆறிய முனையில் அரத்தை வைத்து இழுங்கள். பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் முதல் சூடு முடிந்தது.

இரண்டாவது சூடு

இப்போது பஞ்சைச் சுத்தியலால் அடித்துப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். முனை தெறித்தால் கண்ணுக்குத்தான் ஆபத்து. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டும் போகாதீர்கள். உள்ளே விறைத்து நிற்கும் எஃகு, யாரும் தொடாமலே ராத்திரியில் விரிசல் விடுவதுண்டு. அன்று மாலையே முடித்துவிட வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, முனையிலிருந்து பாதி நீளம்வரை எமரி தாளால் வெள்ளையாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். கறுத்த இரும்பில் நிறம் தெரியாது. இந்த முறை விளக்கு நன்றாக எரியட்டும். டார்ச்சின் தீயைச் சிறிதாக்கி, முனையிலிருந்து 30, 40 மி.மீ. பின்னால் கம்பியைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு தீ பட்ட இடத்தில் லேசான மஞ்சள் எட்டிப் பார்க்கும். எஃகின் மேல் படிகிற ஆக்சைடு படலம் அது. படலம் தடிக்கத் தடிக்க, அதில் பட்டுத் திரும்பும் ஒளியின் நிறம் மாறும். 220 டிகிரியில் வெளிர் வைக்கோல் நிறம், 240இல் அடர்ந்த வைக்கோல், 255 அளவில் பழுப்பு, 280இல் ஊதா, 300இல் நீலம். எல்லா நிறமும் ஒரே நேரத்தில், பட்டை பட்டையாக ஒன்றன்பின் ஒன்று முனையை நோக்கி நகரும். முன்னே போவது மஞ்சள், பின்னே துரத்துவது நீலம்.

பட்டைகள் வேகமாக ஓடினால் தீயை எடுத்துவிடுங்கள். பின்னால் இருக்கும் சூடே மிச்ச வேலையைச் செய்யும். முனையில் அடர்ந்த வைக்கோல் நிறம் வந்து பழுப்பு தலைகாட்டும் நேரத்தில் அப்படியே எண்ணெயில் இறக்கிவிட்டால் பஞ்ச் தயார். முனை கடினமாக, அதற்குப் பின்னால் ஊதா, நீலம் என்று படிப்படியாக உறுதியான உடம்பு. ஒரே கம்பியில் இத்தனை குணத்தை வரிசையாக வைக்க இந்தப் பழைய முறையைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. கோலாலம்பூரின் செந்தூல் ரயில்வே பட்டறையில் நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்த்த காலத்தில் அங்கே வேலை செய்தவர்களில் நம் ஆட்கள் நிறைய. அந்தத் தலைமுறையில் உளி தீட்டத் தெரிந்தவர்களுக்கு இந்த நிற வரிசைதான் தெர்மாமீட்டர். அப்படி ஒரு தாத்தா உங்கள் குடும்பத்தில் இன்னும் இருந்தால், டார்ச்சை வாங்குவதற்கு முன் அவரோடு ஒரு தே தாரிக் குடித்துவிடுங்கள்.

மற்ற கருவிகளுக்கு நிறுத்தம் வேறு. அடியே விழாத சுரண்டிக்கும் கீறுகோலுக்கும் வெளிர் வைக்கோல் போதும். இரும்பு வெட்டும் உளிக்கு ஊதா. முறுக்கு வாங்குகிற ஸ்குரூடிரைவர் முனைக்கும் சின்ன ஸ்பிரிங்குகளுக்கும் நீலம். கேட்டின் தாழ்ப்பாளுக்கு நீங்களே வளைத்துச் செய்யும் ஸ்பிரிங் வைக்கோல் நிறத்தில் நின்றுபோனால் முதல் நாளே ஒடியும்.

கத்தி மாதிரி முழு நீளத்துக்கும் ஒரே பதம் வேண்டும் என்றால் டோஸ்டர் ஓவன் வசதி. 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு முறை இரண்டு மணி நேரம். ஓவனின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். உள்ளே வைக்கும் தனித் தெர்மாமீட்டர் ஒன்று சில வெள்ளிக்குக் கிடைக்கும். ஓவனில் நீண்ட நேரம் இருக்கும் எஃகு, அதே சூட்டில் டார்ச்சில் காட்டியதைவிட அடர்ந்த நிறம் காட்டும். அதனால் அங்கே நிறத்தை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை நம்ப வேண்டும். எண்ணெயைச் சுத்தமாகக் கழுவிவிட்டு வையுங்கள், அடுத்த கேக்கில் வாடை அடித்தால் ஓவனையும் இழப்பீர்கள்.

செய்த பிறகு தீட்டுவதிலும் கவனம் வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள் கத்தியைக் கல்லில் தண்ணீர் விட்டுத்தான் தீட்டினார்கள்; கூரும் நைஸாக வரும், கத்தியும் சூடாகாது. கிரைண்டர்தான் வேண்டும் என்றால் கையுறை போடாமல், முனைக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பிடியுங்கள். விரல் சுடுவதற்கு முன் தண்ணீரில் முக்குங்கள். நீலம் வந்த பிறகு முக்குவதில் பயனில்லை. அந்தப் பகுதியை முழுவதுமாகத் தேய்த்து எடுத்துவிட்டு, உள்ளே கெடாத எஃகு வரும்வரை போக வேண்டும். எச்.எஸ்.எஸ். பிட்டை மட்டும் நன்றாகச் சூடான பிறகு தண்ணீரில் முக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

பஞ்சைச் சோதிக்க ஒரு மைல்டு ஸ்டீல் தகட்டில் இருபது முப்பது குழி அடித்துவிட்டு, முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முனை தட்டையாகி உருண்டிருந்தால் இரண்டாவது சூடு அதிகம், அல்லது முதல் சூடு போதவில்லை. மறுபடி கடினமாக்கி, வைக்கோல் நிறத்தில் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள். முனை பொரிந்து சில்லு போயிருந்தால் கடினம் மிச்சம். தேய்த்து வெள்ளையாக்கி, இன்னொரு முறை சூடு காட்டிப் பழுப்புவரை போகவிட்டால் போதும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. சுத்தியல் விழும் தலைப்பக்கத்தை மட்டும் எப்போதும் மெத்தென்றே விட்டுவையுங்கள். அடி வாங்கி வாங்கி அது குடைபோல் விரியும். ஓரங்கள் பிசிறு பிசிறாகத் தொங்க ஆரம்பித்ததும் கிரைண்டரில் வட்டமாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள்.